அப்பாவுக்கு ஒரு டைம் டேபிள்

இரண்டு கார்களும் இருபது நிமிடமாக இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தன. ஒன்று தெருவின் இந்தக் கோடியில், இன்னொன்று அந்தக் கோடியில். நடுவில், வீட்டு வாசலில், கையில் ஒரு துணிப்பையோடு அப்பா நின்றார். அவரை எந்தக் காரில் ஏற்றுவது என்பதுதான் பிரச்சினை.

அவருடைய நடுப்பிள்ளையான டைம் கீப்பரின் போன் அடித்தது. இந்தக் கோடியிலிருந்து அண்ணன். கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு போன்.

"டேய், அப்பா என் வண்டியிலதான் வரணும். தங்கச்சி வேலை பாக்குறது ஆஸ்பத்திரியில. உடம்பு பூரா ஊசி. ஊசி போட்டவங்க விடுற மூச்சுலேருந்து மத்தவங்களுக்கு என்னென்னமோ பரவுதாம். படிச்சேன்."

"எங்கண்ணா படிச்சே?"

"அனுப்பியிருந்தாங்க."

யார் அனுப்பினார்கள் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. அண்ணன் பெயின்ட் கடை வைத்திருந்தார். ஊரடங்கில் யாரும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு வருடத்தில் அண்ணனுக்கு உலகத்தில் பாதிப் பேர் ஏதாவது அனுப்பினார்கள். மீதிப் பேருக்கு அண்ணன் அனுப்பினார்.

போனை வைப்பதற்குள் இன்னொரு அழைப்பு. அந்தக் கோடியிலிருந்து தங்கை.

"சின்னண்ணா, அப்பாவை அந்த வண்டியில ஏத்தினே, நான் இப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன். பெரியண்ணன் ஒரு ஊசி போடலை. அண்ணியையும் போட விடலை. கண்ணாடியை மூடிக்கிட்டு ஏசியில ரெண்டு மணி நேரம். அது காரா? கொரோனா டப்பா."

தங்கை நர்ஸ். அவள் சொல்வதில் தொண்ணூறு சதவீதம் சரியாகத்தான் இருக்கும். சொல்லும் விதத்தில்தான் எதிரிலிருப்பவருக்கு அந்தத் தொண்ணூறும் பிடிக்காமல் போய்விடும்.

"ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்றார் டைம் கீப்பர். இருவரும் பொறுக்கமாட்டார்கள் என்பது தெரிந்ததால், முன்னேற்பாடாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

டைம் கீப்பர் என்பது பட்டப் பெயர் இல்லை, உத்தியோகம். பேருந்து டிப்போவில் பத்தொன்பது வருடமாக அதுதான் வேலை. எந்த வண்டி எப்போது உள்ளே வரும், எது எப்போது வெளியே போகும் என்று எழுதி, ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி நிரம்பியதா, உள்ளே சண்டையா என்பதெல்லாம் கண்டக்டர் பாடு. தன் வண்டிகள் முட்டிக்கொண்டதே இல்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. குடும்பத்தையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பினார்.

தாளில் மூன்று நிற மையில் அட்டவணை போட்டிருந்தார். நீலம் அண்ணனின் கார். சிவப்பு தங்கையின் கார். பச்சை அப்பா. நீலம் காலையில் அணைக்கட்டு, சிவப்பு அருங்காட்சியகம். பத்தரைக்குப் பாதி வழியில் பெட்ரோல் பங்க்கில் அப்பா கை மாறுவார். நீலம் அருங்காட்சியகம் பக்கமே வராமல் நேராகச் சாப்பாட்டுக்கு. நீலமும் சிவப்பும் நாள் முழுக்க நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை, கடைசியில் ஒரு நிமிடத்தைத் தவிர. டைம் கீப்பர் இரண்டுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளில்.

"அப்பா, நீங்க முதல்ல அண்ணன் வண்டி" என்றார்.

"சரிப்பா" என்றார் அப்பா. அவர் எதற்கும் சரிப்பாதான். நாற்பது வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் போட்டவர். முகவரியைப் பார்ப்பார், உரிய பெட்டியில் போடுவார், பேசமாட்டார்.

வாசற்படியில் நின்று டைம் கீப்பரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வந்திருக்கலாம்" என்றார் அவர்.

"எனக்கு லீவு கிடைக்கலை."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"அதான் சொல்றேன். கிடைச்ச ஒரு லீவை ஏன் கெடுத்துக்கணும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடலோரத்து லைட் ஹவுஸைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. முப்பது வருடமாகப் போகலாம் போகலாம் என்று சொல்லி, கடைசியில் இரண்டு டிக்கெட் எடுத்து, பையெல்லாம் கட்டி வைத்தார்கள். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஊரை மூடினார்கள். அம்மா கட்டின துணிப்பை கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்தது. ஏழு மாதத்துக்கு முன் அம்மா போய்விட்டார். சுடுகாட்டில் நான்கு பேருக்குத்தான் அனுமதி. அண்ணன் ஒரு மூலை, தங்கை ஒரு மூலை, டைம் கீப்பர் ஒரு மூலை. அப்பா மட்டும் பிளாஸ்டிக் சுற்றிய அம்மா பக்கத்தில். அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அண்ணனும் தங்கையும் இன்றைக்கு வரை பேசவில்லை.

போன மாதம் அப்பா ஒரு நாள் காலையில், "நான் பஸ்ஸுல போய் அந்த லைட் ஹவுஸைப் பாத்துட்டு வந்துடறேன்பா" என்றார்.

மூன்று பிள்ளைகளும் மூன்று போனில் ஒரே மாதிரி கத்தினார்கள். எழுபத்தாறு வயசு, பெருந்தொற்று, பஸ்ஸு, தனியா! அந்த ஒரு விஷயத்தில் மட்டும் குடும்பம் ஒற்றுமையாக இருந்தது. அப்போதுதான் டைம் கீப்பருக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு பேருக்கும் போன் போட்டு, "அப்பா நம்ம எல்லாரோடயும் சேர்ந்து போகணும்னு ஆசைப்படறார்" என்று சொல்லிவிட்டார். அப்பா அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் எந்த அப்பாதான் ஆசைப்படமாட்டார்?

அட்டவணையின் அடியில், நான்கு மணிக்கு எதிரே, அவர் கட்டம் போட்டு எழுதியிருந்தது இதுதான்: லைட் ஹவுஸ் வாசல். அப்பா, அண்ணன், நான், தங்கை. ஒரே ஒரு போட்டோ. ஆறடி தள்ளித் தள்ளி நின்றாலும் பரவாயில்லை. அந்தப் போட்டோவை மாட்டுவதற்கு அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்.

அணைக்கட்டில் டைம் கீப்பர் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை மறித்து நின்று ஊசியின் தீமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கழிப்பறை எந்தப் பக்கம்? அண்ணி மடக்கிய குடையைப் பிடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா கரைச் சுவரோரம் தனியாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைம் கீப்பர் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பாவம்பா நீங்க. தனியா விட்டுட்டானா?"

"பரவாயில்லப்பா. நீ போய் அடுத்த வண்டியைப் பாரேன். டைம் ஆகுது."

தன் கஷ்டத்தில்கூடப் பிள்ளையின் அட்டவணையை நினைக்கிற அப்பா! டைம் கீப்பருக்குக் கண் கலங்கியது.

பத்தரைக்குப் பெட்ரோல் பங்க். நீல வண்டி காற்றடிக்கும் பக்கம் அப்பாவை இறக்கிவிட்டுப் போனது. இரண்டு நிமிடம் கழித்துச் சிவப்பு வண்டி வந்தது. டிப்போவில்கூட இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை. தங்கை இறங்கி அப்பாவின் மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் போட்டு, புது மாஸ்க் மாட்டி, தலை முதல் செருப்பு வரை சானிடைசர் அடித்தாள். பெட்ரோல் போடுபவர் பயந்து பைப்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"அங்க வண்டியில ஜன்னலைத் திறந்தாங்களாப்பா?"

"திறந்தான்மா. நல்ல பையன்தான். என்ன, வழியில ரெண்டு மூணு தடவை இருமினான். தூசியா இருக்கும்."

தங்கையின் கை அப்படியே நின்றது. "இருமினானா?"

"லேசா."

போச்சு. அப்பாவுக்கு எதை எங்கே சொல்லக்கூடாது என்று தெரிவதில்லை என டைம் கீப்பர் பல்லைக் கடித்தார். தங்கை காரின் பின்கதவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள். பெட்ரோல் பங்க் வெயிலில் அப்பாவை ஒரு டயர்மேல் உட்கார வைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, மூக்குக்குள் குச்சியை விட்டாள். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஒரே ஒரு கோடுதான் வந்தது.

"அப்பாடா, ஒண்ணுமில்லை" என்றார் டைம் கீப்பர்.

"இன்னிக்கு இல்லை. இப்பத்தானே இருமியிருக்கான். தெரியறதுக்கே மூணு நாலு நாள் ஆகும்." அவள் தன் கணவனிடம் திரும்பி, "நீங்க ரெண்டு மாஸ்க் போடுங்க" என்றாள். மாப்பிள்ளை ஏற்கெனவே இரண்டு போட்டிருந்தார். மூன்றாவதைப் போட்டுக்கொண்டார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் மறுத்துப் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

அருங்காட்சியகத்தில் அப்பா முன்னால் தனியாக நடக்க, தங்கையும் மாப்பிள்ளையும் இருபதடி பின்னால் வந்தார்கள். பழைய நங்கூரங்கள், திசைகாட்டிகள், யாரோ மூழ்கிப்போன மாலுமியின் தொப்பி. ஒவ்வொன்றின் முன்னாலும் அப்பா தன் பாட்டுக்கு நின்று ஆசைதீரப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரும் கிட்டவே போகவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு டைம் கீப்பர் இரண்டு மாடி உள்ள ஓட்டலாகப் பார்த்து வைத்திருந்தார். தங்கை மேல் மாடி, ஜன்னலோரம். அண்ணன் கீழே. அப்பா மேலே சூப் குடித்துவிட்டுக் கீழே வந்து சாப்பிட வேண்டும். மாடிப்படியில் மேல் பாதி தங்கையின் எல்லை, கீழ்ப் பாதி அண்ணனின் எல்லை.

கீழே வந்து உட்கார்ந்த அப்பா, மூக்கைத் தடவிக்கொண்டார்.

"என்னப்பா மூக்குல?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லப்பா. தங்கச்சி குச்சி விட்டுப் பாத்தா. நுனியில என்னமோ ஈரமா தடவியிருந்தாப்ல இருந்துது. எனக்கென்ன தெரியும்?"

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். டைம் கீப்பர் குறுக்கே பாய்ந்தார். அட்டவணையில் நீலமும் சிவப்பும் சந்திக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"அண்ணா, உக்காரு. சோறு வருது."

"தள்றா! அப்பாவுக்கு மூக்கு வழியா மருந்தை ஏத்தியிருக்கா. நீ சோறு வருதுங்கற!"

ஒரு எட்டில் இரண்டு படியாக ஏறினார். பின்னால் அண்ணி, அவர் பின்னால் டைம் கீப்பர், கடைசியில் நிதானமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பா.

"அப்பாவுக்கு என்னடி பண்ணினே?"

ஏழு மாதத்துக்குப் பிறகு அண்ணன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை.

"மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுப் பேசு. டெஸ்ட் பண்ணினேன். நீ இருமினேல்ல?"

"நானா? நானா இருமினேன்? எவன் சொன்னான்?"

இரண்டு பேரும் டைம் கீப்பரைப் பார்த்தார்கள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னல் வழியே கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் உடம்புல ஊசி ஏறலைன்னு நிம்மதியா இருந்தேன். குச்சியிலயே வேலையைக் காட்டிட்டே!" என்றார் அண்ணன்.

"ஊசி ஏறலையா? ரெண்டு ஊசியும் நானே கூட்டிட்டுப் போய்ப் போட வெச்சேன்!"

"பொய்! அப்பா போடலை. நீ பேப்பரை நிரப்பிக்கிட்டு இருந்தப்ப வெளியில வந்து உக்காந்துட்டேன்னு எங்கிட்ட என் தலையில கை வெச்சுச் சொன்னாரு."

"எங்கிட்ட கை வலிக்குதுன்னு மாத்திரை வாங்கிப் போட்டாரு!"

இப்போது எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஓட்டல் சர்வர்கூடத் தட்டோடு நின்றுவிட்டார்.

"அப்பா, நீங்களே சொல்லுங்க. போட்டீங்களா, இல்லையா?" என்றார் டைம் கீப்பர்.

அப்பா நெற்றியைத் தடவினார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லையேப்பா" என்றார்.

அவ்வளவுதான். அண்ணன் இரண்டடி பின்னால் போனார்: போட்டிருந்தால்? தங்கை இரண்டடி பின்னால் போனாள்: போடாமல் இருந்து, இருமல்காரனோடு இரண்டு மணி நேரம் வந்திருந்தால்? அவளிடம் அப்பாவின் சான்றிதழ் போனில் இருந்திருக்கும், ஆனால் அந்தப் போன் போன மாதம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது.

"என் வண்டியில வேணாம்" என்றார் அண்ணன்.

"என் வண்டியிலயும் வேணாம். நாளைக்கு நான் வார்டுக்குப் போகணும், அங்க நாப்பது நோயாளிங்க" என்றாள் தங்கை.

காலையில் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்த அப்பாவை மதியம் இரண்டே கால் மணிக்கு இரண்டு பேரும் தள்ளிவிட்டார்கள். டைம் கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கூட்டிப் போக அப்பாவின் இடுப்பு தாங்காது. லைட் ஹவுஸில் நாலரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

"வாடகை வண்டி ஏதாவது..." என்று அவர் முணுமுணுத்தார்.

அப்பா சட்டைப் பையைத் துழாவி ஒரு சின்னத் தாளை எடுத்தார். "வர்ற வழியில ஒரு சுவத்துல நம்பர் எழுதியிருந்துது. எதுக்கும் இருக்கட்டும்னு குறிச்சு வெச்சேன். இதுக்குப் போட்டுப் பாரேன்."

போட்டார். நாலே நிமிடத்தில் ஒரு வெள்ளை வண்டி ஓட்டல் வாசலில் வந்து நின்றது. நாலு நிமிடம்! டிப்போவில் இப்படி ஒரு டிரைவர் கிடைத்தால் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று நினைத்துக்கொண்டார் டைம் கீப்பர். கதவைத் திறந்து அப்பாவை ஏற்றினார்.

"நீங்க முன்னாடி போயிட்டே இருங்கப்பா. நான் இவங்க ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி, நாலு மணிக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துடறேன். போட்டோ எடுக்கணும்."

"மெதுவாவே வாப்பா. அவசரமே இல்லை" என்றார் அப்பா. துணிப்பையைப் பக்கத்து இருக்கையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மேலே போனபோது சண்டை ஊசியைத் தாண்டி, போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

"ஊசி போட்ட இருபதாவது நாள் போனாங்க. அம்மாவைக் கொன்னது உன் ஊசி."

"ஒரே ஒரு ஊசி. அது வேலை செய்யறதுக்குள்ள நோய் வந்துடுச்சு. மூணு மாசம் முன்னாடியே போட்டிருந்தா இன்னிக்கு இந்த மேஜையில உக்காந்திருப்பாங்க. வேணாம் வேணாம்னு இழுத்தது நீ."

டைம் கீப்பர் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். டிப்போவில் இரண்டு டிரைவர்கள் மோதிக்கொண்டால் இப்படித்தான் நிற்பார்.

"இதோ பாருங்க. யோசிச்சுப் பாத்தா ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. நான் எப்பவும் யார் பக்கமும் இல்லை."

தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆமா, நீ எப்பவும் யார் பக்கமும் இல்லை. அம்மாவுக்கு ஊசி போட முதல் டோக்கன் வந்துச்சே, காலையில ஒம்பதரைக்கு. அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது யாரு?"

டைம் கீப்பர் உயர்த்திய கைகளை இறக்கினார். "அண்ணன் வேணாம்னான். நீ வேணும்னே. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்னு..."

"அம்மா கிளம்பி, செருப்பை மாட்டிக்கிட்டுப் பன்னண்டு மணி வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தாங்க. வண்டி வருமா வருமான்னு எனக்கு நாலு தடவை போன்."

"அப்படியா?" என்றார் அண்ணன். அவருக்கு இது புதுச் செய்தி. மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார். "நான் வேணாம்னுதான்டா சொன்னேன். நான் ஆயிரம் சொல்லுவேன். நீ கூட்டிட்டுப் போயிருந்தா நான் என்ன, ஓடி வந்து உன் வண்டி முன்னாடி படுத்திருக்கப் போறேனா?"

"அதானே!" என்றாள் தங்கை.

அந்த ஒரு சொல்லில் ஏழு மாதப் பகை கரைந்தது. அடுத்த ஒரு மணி நேரம் இருவரும் மாற்றி மாற்றி, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்து, டைம் கீப்பரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். சின்ன வயதில் அவர் யாரையும் காட்டிக்கொடுக்காமல் யாருக்கும் உதவாமல் நின்றது முதல் எல்லாம் வந்தது. அண்ணிகூட ஒரு விஷயம் நினைவு வைத்திருந்தார். மாப்பிள்ளை மூன்று மாஸ்க்குக்குள்ளிருந்து பதினோரு வருடத்தில் முதல்முறையாக, "உண்மைதானே" என்றார்.

டோக்கன் வந்த அன்றைக்குப் பன்னிரண்டு மணி வரை டைம் கீப்பர் டிப்போவில் உட்கார்ந்து யாராவது ஒருவரிடமிருந்து முடிவு வருமென்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"போட்டோ..." என்று கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"உன்கூட நின்னா?" என்றார் அண்ணன்.

கீழே நிறுத்துமிடத்தில், "நீ முன்னாடி எடும்மா, எனக்கு ரிவர்ஸ் வரணும்" என்று அண்ணன் தங்கைக்கு வழிவிட்டார். "தேங்க்ஸ்ண்ணா" என்றாள் தங்கை. நீலமும் சிவப்பும் ஒன்றன் பின் ஒன்றாக வீட்டுப் பக்கம் திரும்பிப் போயின. இந்த ஒற்றுமைக்காகத்தான் அவர் மூன்று வாரமாகப் பாடுபட்டார். அதில் அவருக்கு மட்டும் இடமில்லை.

மணி மூன்று ஐம்பது. மோட்டார் சைக்கிளை முறுக்கினார். பாதி வழியில்தான் இன்னொன்று உறைத்தது. லைட் ஹவுஸில் இரண்டு ஊசி போட்ட சான்றிதழ் இருந்தால்தான் மேலே விடுவார்கள். அப்பாவுக்குப் போட்டதா இல்லையா என்றே ஞாபகமில்லை. வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் இரண்டு வேகத்தடைகளில் தூக்கி அடித்துக்கொண்டு போனார்.

நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. வெள்ளை வண்டி நிழலில் நின்றது. டிரைவர் பானெட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் காணோம்.

"ஒரு பெரியவர் வந்தாரே, துணிப்பையோட?" என்று காவலாளியிடம் மூச்சு வாங்கக் கேட்டார்.

"மேல இருக்கார்." காவலாளி விரலை உயர்த்தினார். உச்சியில், விளக்குக்குக் கீழே, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன உருவம். துணிப்பையைப் பக்கத்தில் கம்பிமேல் தூக்கி வைத்திருந்தது.

"சர்டிபிகேட் இல்லாம எப்படி விட்டீங்க?"

"யார் சொன்னா இல்லைன்னு? ரெண்டு ஊசிக்கும் தேதி போட்டு, லேமினேட் பண்ணி, பையில பத்திரமா வெச்சிருக்காரு. இந்த ஒரு வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாரும் காட்டலை சார்."

டைம் கீப்பர் ஒரு கணம் விழித்தார். பாவம், ஞாபகம் வந்திருக்கும். வயசு அப்படி.

"எனக்கும் ரெண்டு போட்டாச்சு. திறங்க, நானும் போகணும்."

"நாலரைக்கு மேல கிடையாது சார். டைம்னா டைம்."

பத்தொன்பது வருட டைம் கீப்பரிடமே காவலாளி அதைச் சொன்னார்.

"பெரியவர் ரெண்டு டிக்கெட் வாங்கினாரு. இன்னொருத்தர் எங்கன்னு கேட்டேன். கூடத்தான் இருக்காங்கன்னு சொல்லிட்டு ஏறிட்டாரு" என்றார் காவலாளி. "அந்த டிக்கெட் வீணாப் போச்சு."

இரண்டு டிக்கெட்! டைம் கீப்பருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கிழிக்கட்டும், தங்கை கிழிக்கட்டும், ஊரே கிழிக்கட்டும். எத்தனை பேசினாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, கடைசியில் பின்னாலேயே ஓடி வருகிறவன் இந்த நடுப்பிள்ளைதான் என்று. அப்பா தன்னை மன்னித்துவிட்டார். அதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. டிரைவரிடம் போனார்.

"பாத்தீங்களா? ரெண்டாவது டிக்கெட் எனக்கு வாங்கியிருக்கார். எங்க அப்பாவுக்கு எம்மேல அவ்வளவு பாசம். நல்ல வேளை, நான் போன் பண்ணினதும் நாலே நிமிஷத்துல வந்தீங்க. இல்லைன்னா இந்த லைட் ஹவுஸை அவர் பாத்தே இருக்கமாட்டார்."

டிரைவர் டீயைக் கீழே வைத்தார். இவருக்கு இன்னுமா விஷயம் தெரியாது என்கிற மாதிரி பார்த்தார்.

"பெரியவர் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே வந்து பேசிட்டுப் போயிட்டாரே சார், 'நானும் என் வீட்டுக்காரியும் மட்டும்தான் போறோம், பசங்க மூணு பேரையும் வழியில கழட்டி விடணும், பெரியவனையும் பொண்ணையும் நான் பாத்துக்கறேன், அந்த நடுப்பையன் தானாவே உனக்குப் போன் பண்ணி என்னை ஏத்தி விட்டுருவான், நீ ஓட்டல் பக்கத்துலயே நில்லு'ன்னு!"